பராமரிப்புக் கட்டணம் கட்டினால் இணையதள வேலை எல்லாம் அவர்களுடையதா?

மதுரையில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறீர்கள். மாதக் கட்டணம் வாங்கும் பராமரிப்பாளர் புதிய விலைகளை ஏன் ஏற்றவில்லை என்று கேட்கிறீர்கள். பல ஒப்பந்தங்களில் அது அவருடைய வேலை அல்ல. தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளையும் அதோடு இணைக்கும் கூடுதல் நிரல்களான செருகுநிரல்களையும் புதுப்பிப்பது, காப்புநகல் எடுப்பது, தளம் முடங்கினால் மீட்பது, பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகாமல் பார்ப்பது ஆகியவையே வழக்கமாக அவர் பொறுப்பு. சேலைப் படம், விலை, சித்திரைத் திருவிழாத் தள்ளுபடி ஆகிய விவரங்களை நீங்கள்தான் தர வேண்டும். அவற்றை ஏற்றித் தருவதும் கட்டணத்தில் சேருமா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

விலைப் பட்டியலைவிட எனக்குப் பெரிய கவலை டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிதான். அது யார் பெயரில் இருக்கிறது? தளத்தை வடிவமைத்தவர் தன் பெயரில் பதிந்திருந்தால், அவர் தொழிலை விட்டுப் போகும் நாளில் கடையின் இணைய முகவரி உங்கள் கையில் இருக்காது. புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும் பதிவில் உள்ள மின்னஞ்சலுக்கே போகும். இன்றே உங்கள் பெயருக்கும் மின்னஞ்சலுக்கும் மாற்றச் சொல்லுங்கள். தயங்கினால் விடாதீர்கள். காப்புநகலில் ஒரு பிரதியையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

வாடிக்கையாளரின் கைபேசி எண், முகவரி விஷயத்தில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பை உங்கள்மீதே வைக்கிறது, தரவைக் கையாள்பவர் பராமரிப்பாளராகவே இருந்தாலும்.