ஆணி குத்திய டயருக்கு 500 ரூபாயா, 24,000 ரூபாயா?

கேள்வி: திருச்சியில் இருக்கிறேன். விராலிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. போக வர 60 கிலோமீட்டர், தினமும் காரில்தான். கார் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது, 24,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் பெட்ரோல் பங்க்கில் காற்று பிடித்தபோது மூன்று டயரில் காற்றழுத்தம் 32 இருந்தது, பின்பக்க இடது டயரில் மட்டும் 22. குனிந்து பார்த்தால், டயரில் தரையைத் தொடும் ரப்பர் கட்டங்களான பட்டனுக்கு நடுவில் ஓர் ஆணி. பஞ்சர் கடையில் ரப்பர் திரி வைத்து அடைக்க 150 ரூபாய் என்றார்கள். இன்னொரு கடையில் டயரைக் கழற்றி உள்ளே காளான் வடிவ மஷ்ரூம் பேட்ச் வைக்க 500 ரூபாய். டயர் ஷோரூமில் பட்டன் ஆழத்தை அளந்து 4.5 மில்லிமீட்டர் என்றார்கள். ஆனால், "ஹைவேல ஓடுற வண்டி மேடம், ரிஸ்க் எடுக்காதீங்க, நாலையும் மாத்திடுங்க" என்று சொல்லி 24,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஒரு டயர் 5,600. மீதி அலைன்மென்ட், பேலன்ஸிங், நைட்ரஜன். இ.எம்.ஐ.யும் உண்டாம். அவசரத்துக்கு வைத்திருக்கும் 60,000 ரூபாயில் கை வைக்கலாமா? இன்சூரன்ஸில் கிடைக்குமா? இப்போது ஸ்டெப்னியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: 500 ரூபாய் செலவு செய்யுங்கள். 60,000 அப்படியே இருக்கட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். டயர் விஷயத்தில் பணக் கணக்கு இரண்டாவதாகத்தான் வர வேண்டும். இந்த டயரைச் சரிசெய்து ஓட்டலாமா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு 'கூடாது' என்று பதில் வந்தால், 50 ரூபாயில் அடைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

உங்கள் டயரில் ஆணி இறங்கியிருப்பது தரையில் படும் பட்டன் பகுதியின் நடுவில். அங்கே ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரிசெய்யலாம் என்பது டயர் தொழிலில் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. சாதாரண ஆணி அதற்குள் அடங்கிவிடும். இதே ஆணி டயரின் பக்கவாட்டிலோ, பட்டனும் பக்கவாட்டும் சேரும் தோள்பட்டையிலோ குத்தியிருந்தால் என் பதில் வேறு. வண்டி ஓடும்போது அந்த இடம் ஓயாமல் மடங்கி விரிகிறது, எந்த ஒட்டும் அங்கே நிற்காது.

அடுத்து, காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது என்று பார்க்க வேண்டும். காற்று முழுக்க இறங்கிய டயரில் இரண்டு கிலோமீட்டர் உருட்டினாலே, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் பக்கவாட்டு நசுங்கி உள்ளே நைந்துபோகலாம். வெளியே ஒன்றும் தெரியாது. கழற்றினால் உள்ளே கருப்பு ரப்பர் தூள் உதிர்ந்து கிடக்கும். உங்களுக்கு 22 இருந்தபோதே தெரிந்துவிட்டது. பங்க்கில் நின்று நான்கு டயரையும் பார்த்த அந்தப் பழக்கம்தான் உங்கள் 5,600 ரூபாயைக் காப்பாற்றியிருக்கிறது.

டயரைக் கழற்றாமல் உள்ளே பார்க்க முடியாது. 150 ரூபாய்த் திரியை நான் தள்ளி வைப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். திரியை வெளியிலிருந்து குத்தி ஏற்றுகிறார்கள். அதற்கு முன் ஓட்டையைத் துருவிப் பெரிதாக்குகிறார்கள், உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி வலையும் அதில் கொஞ்சம் அறுபடலாம். அப்புறம் மழைநீர் கசிந்தால் கம்பி துருப்பிடிக்கும். ராத்திரி வழியில் மாட்டிக்கொண்டால் வீடு போய்ச் சேர திரி போதும், அதைக் குறை சொல்லமாட்டேன். தினமும் நான்குவழிச் சாலையில் 80, 90-ல் போகிறவருக்கு அது நிரந்தரத் தீர்வு ஆகாது. மஷ்ரூம் பேட்ச்சில் காம்பு ஓட்டையை நிரப்புகிறது, குடை உள்பக்கம் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்கிறது. டயர் ரிம்மிலிருந்து கழன்று மாட்டப்படுவதால் வீல் பேலன்ஸிங் செய்யச் சொல்லுங்கள். அது 500-ல் சேர்ந்ததா, தனியா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

இப்போது பணக் கணக்கு. கார் டயர் புதிதாக இருக்கும்போது பட்டன் ஆழம் சுமார் 7.5 மில்லிமீட்டர். 1.6-க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்; பட்டன் இடுக்குகளில் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், ரப்பர் அவற்றுக்குச் சமமாகத் தேய்ந்தால் 1.6 வந்துவிட்டது என்று பொருள். ஆக, நாம் காசு கொடுத்து வாங்குவது 5.9 மில்லிமீட்டர் ரப்பர். உங்களிடம் இன்னும் 2.9 இருக்கிறது, கிட்டத்தட்டப் பாதி. 5,600 ரூபாய் டயரில் சுமார் 2,750 ரூபாய் இன்னும் உங்கள் காரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் காப்பாற்ற 500 கொடுப்பது நல்ல செலவு. நான்கையும் மாற்றினால் 11,000 ரூபாய் ரப்பரைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவீர்கள்.

அதே ஆழம் 2.2 என்று வந்திருந்தால்? மீதி ரப்பரின் மதிப்பு 570 ரூபாய்தான். அப்போது 500 ரூபாய் பேட்ச் வேண்டாம், புது டயரே வாங்குங்கள் என்று எழுதியிருப்பேன். அப்படி ஒருநாள் மாற்ற நேர்ந்தாலும் ஓர் ஆணிக்காக நான்கு டயர் தேவையில்லை. ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜோடியாக மாற்றுங்கள். ஸ்டெப்னியும் மற்ற டயர்களின் அதே அளவாக, அதே ரகமாக இருந்தால், ஒரு புது டயர் வாங்கி அதனோடு ஜோடி சேர்த்துவிடலாம். சில மாடல்களில் ஸ்டெப்னி அளவில் சிறியது. உங்களுடையது அப்படியா என்று இன்றே பாருங்கள். சிறியதாக இருந்தால் அதில் எழுதியிருக்கும் வேகத்தைத் தாண்டாதீர்கள், பெரும்பாலும் 80 என்று போட்டிருக்கும். அதில் தினமும் விராலிமலை போய் வருவது சரியில்லை.

இன்சூரன்ஸைப் பற்றிக் கேட்டீர்கள். வழக்கமான முழு பாலிசியில், காருக்கும் சேர்ந்து அடிபட்டால்தான் டயருக்குப் பணம், அதுவும் மாற்றும் செலவில் 50 சதவீதம் வரைதான். ஆணிக்கு ஒன்றும் வராது. டயர் பாதுகாப்பு என்று தனியாக விற்கும் கூடுதல் கவரும் வெடிப்பு, வீக்கம், கிழிசல் ஆகியவற்றுக்குத்தான். பஞ்சர் ஒட்டும் செலவைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் 'ரோட்சைடு அசிஸ்டன்ஸ்' இருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். இருந்தால் நடுவழியில் ஆள் வந்து ஸ்டெப்னி மாட்டித் தருவார்கள். அதற்குப் பிரீமியம் கட்டிவிட்டு, இருப்பதே தெரியாமல் இருட்டில் தனியாக ஜாக்கி ஏற்றுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

இ.எம்.ஐ. வேண்டாம். 'நோ காஸ்ட்' என்றாலும் பிராசஸிங் கட்டணமும், வட்டிப் பகுதியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பில்லில் வந்து உட்கார வாய்ப்புண்டு. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும்.

ஒட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு மதுரை போகும் வழியில், சாலையோரக் கடை ஒன்றில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். நான் பார்த்தது ஓர் ஆணி. திரும்பி வந்தபோது சோப்புத் தண்ணீர் நான்கு இடத்தில் குமிழ் விட்டது. நான்குக்கும் பணம் கொடுத்தேன். அந்த டயரை இரண்டே மாதத்தில் மாற்ற வேண்டியதாயிற்று. பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள் என்று நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை. ஆணியைப் பிடுங்குவதற்கு முன்பே சோப்புத் தண்ணீர் தெளித்து எத்தனை ஓட்டை என்று எண்ணிக்கொள்ளுங்கள். கழற்றியதும் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரப்பர் தூள் இருந்தாலோ, பக்கவாட்டில் சுற்றிலும் கோடு விழுந்திருந்தாலோ பேட்ச்சை நிறுத்திவிட்டு புது டயருக்குப் போங்கள்.

24,000 கிலோமீட்டரில் பாதி தேய்ந்திருக்கிறது. இதே ஓட்டத்தில் இன்னும் 18 மாதத்தில் நான்கு டயருக்கும் நாள் வந்துவிடும். அந்த 22,400 ரூபாய் திடீர்ச் செலவு இல்லை, தேதி தெரிந்த செலவு. அவசர நிதியை அதற்குத் தொட வேண்டாம். வங்கியில் மாதம் 1,250 ரூபாய் வீதம் 18 மாத ஆர்.டி. (தொடர் வைப்பு) போடுங்கள், 22,500 வந்துவிடும். தபால் நிலைய ஆர்.டி. ஐந்து வருடம் என்பதால் இதற்கு ஒத்துவராது. வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 1024 என்றால் 2024-இன் பத்தாவது வாரத் தயாரிப்பு. கடையில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்ததை முழு விலைக்கு வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புது கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் அதையும் சரிபாருங்கள்.

பேட்ச் வைத்த டயரை மாட்டிய மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன் காற்றை அளந்து பாருங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. 32 அப்படியே நின்றால் கவலையில்லாமல் விராலிமலை போய் வரலாம். இரண்டு, மூன்று இறங்கியிருந்தால் அதே கடைக்குத் திரும்பப் போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதற்காகவே 500-க்குப் பில் வாங்கி வையுங்கள்.