காணியை இன்னும் விற்கவில்லைத்தானே?

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயது. ஊர் புதுக்குடியிருப்புப் பக்கம். ஏழு வயதிலிருந்து பரதம் பழகுகிறேன். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் ஐந்தாம் தரம் முடித்துவிட்டேன், உயர்தரத்திலும் நடனம் ஒரு பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ரீச்சர் நிற்கிறா. எனக்கோ பாலேயும், கன்டெம்பரரி என்கிற நவீன நடனமும்தான் ஆசை. போனில் பார்த்துப் பார்த்துத் தனியாக ஆடிப் பழகுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவர், 25 இலட்சம் கட்டினால் பாரிஸில் பாலே பள்ளியில் சேர்த்துவிட்டு, முடிந்ததும் ஒரு குழுவில் வேலையும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். அப்பா வயல்காணியில் ஒரு துண்டை விற்க யோசிக்கிறார். அம்மம்மா, “ஆடி என்னத்தை உழைக்கப் போறாய்?” என்று கேட்டபடி இருக்கிறா. கனடாவில் இருக்கிற சித்தி பாலே சப்பாத்து அனுப்பட்டோ என்று கேட்கிறா. நான் என்ன செய்ய?
— முல்லைத்தீவு மாவட்ட வாசகி

பதில்: தங்கச்சி, காணியை இன்னும் விற்கவில்லைத்தானே? உம்முடைய கடிதத்தை வாசிக்கும்போது ஆட்டம், ஆசை எல்லாம் எனக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. முதலில் பட்டது அந்த 25 இலட்சம்.

பாரிஸ் ஒப்பெரா பாலே பள்ளியை 1713இல் தொடங்கினார்கள். அங்கே சேருவது சின்னப் பிள்ளைகள். ஒவ்வொரு வருடமும் பரீட்சை வைத்துக் கழிப்பார்கள். மிஞ்சுகிறவர்கள் பதினேழு, பதினெட்டு வயதில் பெரிய குழுவின் கடைசிப் படியில் ஏறுவார்கள். அதற்கு மேலே இன்னும் நாலு படி. உச்சியில் நிற்பவரை எத்துவால், அதாவது நட்சத்திரம் என்பார்கள். 42 வயதில் எல்லோருக்கும் ஓய்வு. உமக்கு 19 என்றால், அந்த வயதில் அங்குள்ள பிள்ளை ஏற்கெனவே சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் மிஸ்டி கோப்லண்ட் 13 வயதில் பாலே தொடங்கியதையே “பிந்திப் போச்சு” என்றார்கள். அவர் 2015இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மை நடனக் கலைஞரானார், அங்கே அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். ஆனால் 13 எங்கே, 19 எங்கே? இடுப்பிலிருந்து காலை வெளிப்பக்கமாகத் திருப்புகிற அந்த நிலையை, உடம்பு வளர்கிற வயதில்தான் எலும்பும் தசையும் பழகிக்கொள்ளும். பாலே வகுப்புக்குப் போம், அது எந்த ஆட்டத்துக்கும் நல்லது. பாலே குழுவில் தொழில் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடும். இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அந்த ஏஜென்ட் வேலையும் எடுத்துத் தருவாராம்! நடனக் குழுவில் ஒருவரும் ஒருவருக்கும் வேலை எடுத்துக் கொடுக்க முடியாது தங்கச்சி. ஓடிஷன் வைப்பார்கள். ஒன்றிரண்டு இடத்துக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து, நெஞ்சில் இலக்கம் குத்திக்கொண்டு ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இலக்கத்தைக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒழுங்கான பள்ளியும் ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான் இடம் தரும். உம்மை ஆடச் சொல்லி ஒரு வீடியோகூடக் கேட்காமல் இடம் இருக்கிறது என்கிறவரிடம் என்ன இருக்கும்? பள்ளியின் பெயரைக் கேளும். சொன்னால், நீரே அந்தப் பள்ளிக்கு நேரே மின்னஞ்சல் எழுதிக் கேளும். சொல்லாவிட்டால் கதை முடிந்தது. அப்பாவிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டும்.

சரி, இனி கன்டெம்பரரிக்கு வருவோம். அங்கே கதை வேறு. லண்டனில் பிறந்த அக்ரம் கான் சின்ன வயதில் பழகியது வட இந்திய நடனமான கதக். அந்தக் கதக்கை வைத்துக்கொண்டுதான் கன்டெம்பரரிக்குப் போனார். 2000இல் சொந்தக் குழு தொடங்கி, 2016இல் இங்கிலிஷ் நேஷனல் பாலே குழுவுக்கே ‘ஜிசெல்’ என்ற பழைய பாலேயைப் புதிதாக அமைத்துக் கொடுத்தார். சென்னையில் சந்திரலேகா பரதக்காரிதான். 1985இல் ‘அங்கிகா’வில் பரதத்தையும் களரியையும் யோகத்தையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்து, நகையையும் சாமி கதையையும் கழற்றி வைத்தா. இங்கே நம்முடைய நாட்டில் சித்ரசேன கண்டிய நடனத்தை அடித்தளமாக வைத்து ‘கரதிய’ போன்ற நாட்டிய நாடகங்களை 1960களிலேயே மேடையேற்றினார். இவர்கள் ஒருவரும் பழகியதைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகவில்லை.

உம்மிடம் முழங்காலை மடித்து நின்று பழகிய பன்னிரண்டு வருடத்து அரைமண்டி இருக்கிறது. போதாததற்கு, முல்லைத்தீவில் இருந்துகொண்டு கோவலன் கூத்தை ஒருமுறையாவது பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர். அதைப் பழக்குகிற கூத்து ஆசிரியர், அண்ணாவியார் யாராவது உங்கள் பக்கம் இருந்தால் போய்க் கேட்டுப் பழகும். மத்தளத்துக்கு உடம்பு எப்படிச் சரிகிறது, கால் எங்கே விழுகிறது என்று பாரும். பிரசெல்ஸில் 1995இலிருந்து நடக்கிற பார்ட்ஸ் என்ற கன்டெம்பரரிப் பள்ளியின் ஓடிஷனிலோ, பெங்களூரில் ஆட்டக்களரி என்ற நடன நிலையத்திலோ போனில் பார்த்துப் பழகியதை ஆடிக் காட்டினால், அதையே உம்மைவிடத் திறமாக ஆட நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். கூத்துக்காரரின் நடையோடு அங்கே யார் வரப் போகிறார்கள்?

ஆகவே ரீச்சர் சொல்வதைக் கேளும். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலையின் செய்முறைத் தேர்வுக்குப் போய் ஆடும், கிடைத்தால் படியும். விடுமுறையில் கொழும்பில் பயிற்சிப் பட்டறைகள் நடந்தால் பஸ் ஏறும். பட்டம் முடிந்த பிறகு ஓடிஷன்களுக்கு எழுதலாம். கன்டெம்பரரிக்கு 23, 24 பிந்திய வயது இல்லை.

இனி அம்மம்மாவின் கேள்வி. அவ கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. கன்டெம்பரரி ஆடுகிறவர்களில் மாதச் சம்பளக்காரர் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் ஒரு படைப்புக்கு ஒப்பந்தம், சில கிழமை ஒத்திகை, சில மேடை, பிறகு அடுத்ததைத் தேடி அலைச்சல். இடைவெளியில் வகுப்பு எடுப்பார்கள். நடனம் அமைக்கிறவர் ஆடுகிற நேரத்தைவிட நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிற நேரம் கூட. பலருக்கு நாற்பதுக்குள் உடம்பு மறுத்துவிடும். இங்கே படித்தவர்களும் பாடசாலை நியமனத்துக்கு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பது அம்மம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் பட்டம் இருந்தால் அந்த வரிசையிலாவது நிற்கலாம். 25 இலட்சத்தைத் தொலைத்துவிட்டு வந்தால் நிற்க வயலும் இருக்காது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நீர் எந்தத் தரையில் ஆடுகிறீர்? 1996இல் இடம்பெயர்ந்து வந்து, கிளிநொச்சிக்கு அங்காலே ஓர் ஓலைக்கொட்டிலில் நான் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கினேன். சாணி மெழுகிய மண் தரை. ஒரு நாளும் கால் நொந்ததில்லை. பிறகு நல்ல மண்டபம் கிடைத்தது, பளபளவென்று சீமெந்து. பத்து வருடம் அதில் தட்டிய தட்டுக்கு இப்போது படியேற இரண்டு கையும் தேவைப்படுகிறது. வெளிநாட்டில் மரப்பலகைக்குக் கீழே இடைவெளி விட்டுத் தளம் போடுவது சொகுசுக்கு இல்லை, உதைப்பைத் தரை வாங்கிக்கொள்ளத்தான். உங்கள் வீட்டில் மண் முற்றம் இருந்தால் அங்கேயே ஆடும். அப்புறம், வீடியோவில் வருகிறவர்களைப் போல மெலிய வேண்டும் என்று சோற்றைக் குறைத்திருந்தால் இன்றைக்கே நிறுத்தும். சாப்பாடு குறைந்து மாதவிடாய் நின்றால் எலும்பு மெலியும், ஆடுகிறவளுக்கு அது சின்ன வெடிப்பாகத் தொடங்கி மாதக்கணக்கில் படுக்க வைக்கும்.

சித்தியின் சப்பாத்து வேண்டாம், விரல் நுனியில் எழும்பி நிற்கிறதுக்குப் போடுகிற அந்தச் சப்பாத்தைத்தான் சொல்கிறேன். அதன் நுனி துணியையும் பசையையும் அடுக்கி இறுக்கியது. சில வருடம் ஒழுங்காகப் பழகி, கணுக்கால் தேறிய பிறகு ஆசிரியர் பார்த்துத்தான் அதைப் போட விடுவார். தனியாகப் போட்டு எழும்பினால் கணுக்கால் போய்விடும். பெரிய குழுக்களில் ஒரே இரவில் ஒரு சோடியை முடித்துவிடுவார்கள், சித்தி எத்தனை சோடிதான் அனுப்புவா? கன்டெம்பரரியில் முழங்காலை நிலத்தில் ஊன்றி உருளுகிற ஆட்டம் நிறைய வரும். சித்தியிடம் வொலிபோல்காரர் போடுகிற முழங்கால் பட்டி இரண்டு சோடி அனுப்பச் சொல்லும்.