கேள்வி பதில்: படிவத்தில் பொய் எழுதினால் சிறையா?

மூன்று வாரமாக வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் விசா, குடியுரிமை, ஏஜென்ட் என்றே இருக்கின்றன. தக்காளி விலையையும் கிரிக்கெட்டையும் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் விண்ணப்பத்தில் பொய் சொன்னவர்களின் குடியுரிமையையே பறிக்கப் போகிறார்களாமே? என் அக்கா மகன் அங்கே குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆகிறது. பொய் சொன்னால் தண்டிக்கத்தானே வேண்டும்?
– புதுக்கோட்டை வாசகர்

பதில்: தண்டிக்கத்தான் வேண்டும். எந்தப் பொய்யை என்பதில்தான் எனக்கு வழக்கு.

அந்நாட்டுக் குடியுரிமைப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: கைது செய்யப்படாவிட்டாலும் பரவாயில்லை, எப்போதாவது ஏதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா? 2017 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு விசாரணை. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அரசு வழக்கறிஞரைப் பார்த்து, 55 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாத சாலையில் தான் ஒரு காலத்தில் 60இல் போனதாகச் சொன்னார். அதை அந்தக் கட்டத்தில் எழுதாமல் விட்டிருந்தால், 20 வருடம் கழித்து வந்து கதவைத் தட்டி, நீ குடிமகனே இல்லை என்பீர்களா என்று கேட்டார். எழுதித்தான் இருக்க வேண்டும் என்ற நிலையிலிருந்து வழக்கறிஞர் இறங்கவில்லை.

வழக்கு திவ்னா மாஸ்லென்ஜாக் என்ற போஸ்னிய செர்பியப் பெண்ணுடையது. என் கணவர் கட்டாய ராணுவ சேவைக்குப் போகாமல் தப்பியவர், அதனால் எங்களுக்கு ஆபத்து என்று சொல்லி அகதியாக வந்தார். கணவரோ, போஸ்னிய முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையில் பங்கெடுத்த படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தவர். பிறகு குடியுரிமைப் படிவத்தில், எந்த அதிகாரியிடமும் பொய்த் தகவல் கொடுத்ததில்லை என்று எழுதி, 2007இல் குடிமகளும் ஆனார். பிடிபட்டார். எந்தப் பொய்யானாலும் போதும், குடியுரிமை போகும் என்றன கீழ் நீதிமன்றங்கள். அப்படி முடியாது, அந்தச் சட்டமீறல் குடியுரிமை கிடைத்ததில் பங்கு வகித்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஒன்பது நீதிபதிகளில் ஒருவர்கூட முடிவில் மாறுபடவில்லை. தீர்ப்பை எழுதியவர் எலினா ககன்.

அந்தப் பெண்மணி மேல் எனக்குப் பெரிய இரக்கம் ஒன்றும் இல்லை. அவருடையது எடையுள்ள பொய்தான். ஆனால் அவரை அளக்க எடுத்த கோலால்தான் நாளைக்கு உங்கள் அக்கா மகனையும் அளப்பார்கள். கோல் சரியாக இருக்கட்டும்.

இப்போதைய பேச்சுக்குக் காரணம், 2025 ஜூனில் அமெரிக்க நீதித்துறை தன் வழக்கறிஞர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை. குடியுரிமை பறிக்கும் சிவில் வழக்குகளுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. போர்க் குற்றம், பெரிய மோசடி என்று பட்டியல் ஒழுங்காகத்தான் போகிறது. கடைசியில், முக்கியமென்று துறை கருதும் வேறு எந்த வழக்கும் என்று ஒரு வரி. அரசாங்கக் காகிதங்களில் நான் முதலில் படிப்பதே கடைசி வரியைத்தான். குற்ற வழக்குக்கு அங்கே 10 ஆண்டு கெடு உண்டு, சிவில் வழக்குக்குக் கெடுவே கிடையாது. ஒரு சின்னப் பொய்யைப் பரணில் போட்டு வைத்து, ஆளைப் பிடிக்காமல் போகிற நாளில் இறக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: பாஸ்போர்ட் அலுவலக வாசலில் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பிழைத்தவன் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். நீங்கள் பொய்யே எழுதியதில்லையா?
– திருத்துறைப்பூண்டி வாசகி

பதில்: எழுதியிருக்கிறேன் அம்மா. எத்தனை என்று எண்ணவில்லை. ஒன்று மட்டும் மறக்கவில்லை.

2009 ஆடி மாதம். வேப்பமரத்தடியில் நானும் என் பழைய ரெமிங்டன் தட்டச்சுப் பொறியும். ஓர் ஏஜென்ட் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். குவைத்தில் வீட்டு வேலை. பெண்ணுக்கு வயது 26. பள்ளிக்கூடம் போகாதவர்களும் அதிகம் படிக்காதவர்களும் வீட்டு வேலைக்கு வளைகுடா போக வேண்டுமென்றால் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது நம் அரசு விதி. இளம் பெண்கள் போன இடத்தில் சிக்கிச் சீரழியக் கூடாது என்று நல்லெண்ணத்தில் போட்ட விதி. அதனால் ஆனது, ஏஜென்ட்கள் வயதை ஏற்ற ஆரம்பித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 1989 ஜனவரி 26க்கு முன் பிறந்திருந்தால் அப்போது பிறந்த தேதிக்கு ஒரு பிரமாணப் பத்திரம் போதுமாக இருந்தது. 1983 என்பதை 1978 ஆக்கச் சொன்னார். அடித்தேன்.

என் தட்டச்சுப் பொறியில் 8 என்ற எழுத்தின் வளையத்துக்குள் மை அடைத்துக்கொள்ளும். 1978இன் கடைசி எழுத்து ஒரு கரும்புள்ளியாக விழுந்தது. குண்டூசியால் மையைச் சுரண்டிவிட்டு அதன் மேலேயே மறுபடி அடித்தேன். பொய்யாவது தெளிவாகத் தெரிய வேண்டுமே. அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அண்ணே, என் வயதை ஏற்றினால் பிள்ளையின் வயதையும் ஏற்ற வேண்டுமா?” வேண்டாம் என்றேன். கூலி 60 ரூபாய். ஏஜென்ட் 100 ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு மீதி கேட்காமல் போனார்.

பத்து வருடம் கழித்து அந்தப் பெண் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனபோது ஆதாரில் 1983, பாஸ்போர்ட்டில் 1978. விசாரணை, அலைச்சல், அபராதம். முடிவதற்குள் குவைத்தில் இருந்த வேலை போயிற்று. இணையம் வந்து என் வேப்பமரத்தடித் தொழில் படுத்துவிட்டிருந்த காலம் அது. வீடு விசாரித்து வந்து, பழைய பிரமாணப் பத்திரத்தின் நகலை நீட்டினார். அந்த எட்டைப் பார்த்ததும் என்னுடையது என்று தெரிந்தது. ஏஜென்டின் அலுவலகம் இருந்த இடத்தில் செல்போன் கடை.

1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆவது பிரிவில், தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. உடந்தையாக இருந்தவனுக்கும் அதே தண்டனை என்று அதே பிரிவிலேயே இருக்கிறது. என்னை இன்றுவரை யாரும் தேடி வரவில்லை. நியாயமாக வழக்குப் போடுகிறார்களா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் முதல் சாட்சி நான்தான்.

கேள்வி: என் மகள் எல்லாவற்றையும் உண்மையாக எழுதினாள், மாணவர் விசா மறுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன் வட்டிக்கு வாங்கிய பணத்தை வங்கியில் காட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தான். பொய்யர்களுக்காக ஏன் பரிந்து பேசுகிறீர்கள்?
– கோவை வாசகர்

பதில்: அந்தப் பையனுக்காகப் பரிந்து பேசமாட்டேன். கையில் பணம் இல்லை என்று தெரிந்திருந்தால் அவனுக்கு விசா இல்லை. கோலில் வைத்தால் எடை நிற்கும் பொய். விசாவை ரத்து செய்து திருப்பி அனுப்பட்டும். சிறைக்கு அனுப்ப ஆள் தேடினால், இருப்பு காட்டுவதற்கென்றே வாரக் கணக்கில் பணத்தைப் போட்டு எடுத்துக் கமிஷன் பார்க்கிறவனிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்கள் மகளின் கோபத்தில் தப்பே இல்லை.

கேள்வி: கள்ளப் பாஸ்போர்ட்டில் வெளிக்கிட்டுத்தான் எங்கள் சனத்தில் பல பேர் உயிர் தப்பினார்கள். அவர்களும் குற்றவாளிகளா, ஐயா?
– டொராண்டோ வாசகர்

பதில்: 1951 அகதிகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு உங்கள் கேள்விக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. உயிருக்கு ஆபத்துள்ள இடத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் ஆஜராகி, தகுந்த காரணமும் சொல்கிற அகதியை, சட்டவிரோதமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது. கொல்ல வருகிற அரசிடமே வரிசையில் நின்று பாஸ்போர்ட் வாங்கி வா என்று சொல்ல முடியாதல்லவா?

ஆனால் “நேராக” என்ற அந்தச் சொல் வில்லங்கமானது. நடுவில் கால் வைத்த நாட்டை மறைக்கத் தூண்டுவதும் அதுதான். 1986 ஆகஸ்ட் 11 உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நியூபவுண்ட்லாந்துக் கடலில், பனிமூட்டத்தில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 இலங்கைத் தமிழர்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் கண்டு காப்பாற்றினார். இந்தியாவிலிருந்து வந்தோம் என்றார்கள். சில நாட்களிலேயே குட்டு உடைந்தது. கப்பல் ஏறியது மேற்கு ஜெர்மனியில். கனடாவில் ஒரே கொதிப்பு, ஏமாற்றிவிட்டார்கள் என்று. ஆனாலும் பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஓராண்டு அனுமதி கொடுத்து இருக்க விட்டது. புறப்பட்ட துறைமுகத்தைப் பற்றிச் சொன்னது பொய். 1983க்குப் பின் இலங்கையில் தமிழனுக்கு இருந்த பயம் பொய்யில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்றைக்கு அந்த அரசுக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊரையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, போலிப் பாஸ்போர்ட்டோ விசாவோ வைத்து இந்தியாவுக்குள் வந்தால் இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, ஆவணமில்லாமல் வந்து தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த நாள் வந்தவரின் கதை என்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: மகனுக்கு ஏற்கெனவே ஆஸ்திரேலிய விசா மறுக்கப்பட்டது. இப்போது கனடாவுக்கு விண்ணப்பிக்கிறான். “முன்பு மறுக்கப்பட்டதா?” என்ற இடத்தில் இல்லை என்று போடச் சொல்கிறார் ஏஜென்ட். போடலாமா?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: கூடவே கூடாது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடியேற்ற விவகாரங்களில் கைரேகை முதலான தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. விசா மறுக்கப்பட்டது குற்றம் ஆகாது. அதை மறைத்தால் கனடாவில் ஐந்து ஆண்டுத் தடை. ஆம் என்று போட்டு, எந்த நாடு, எந்த மாதம், என்ன காரணம் சொன்னார்கள் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

2023இல் கனடாவில் பஞ்சாப் மாணவர்கள் பலருக்கு நாடு கடத்தல் கடிதம் வந்தது. ஏஜென்ட் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதம் போலி. அது தெரியாமலே போனவர்கள் பலர், அங்கே வேறு கல்லூரியில் சேர்ந்து படித்து முடித்து வேலையிலும் இருந்தார்கள். தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகு, உண்மையிலேயே படிக்க வந்தவர்களை அனுப்பமாட்டோம் என்றது அரசு. அந்த விவகாரத்தில் ஓர் ஏஜென்ட் கனடாவிலேயே பிடிபட்டு, 2024இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு தண்டனை பெற்றார். எனக்குத் தெரிந்து, சிறைக்கு அனுப்பும் வரிசை சரியாக இருந்த அபூர்வ வழக்கு அது.

உங்கள் ஏஜென்டிடம், “இல்லை என்று போடச் சொன்னது நான்தான்” என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு தாளை நான் பார்த்ததில்லை.