ஜிம்மா, ஹாலா? பெண்களின் கேள்விகளுக்கு ஒரு பயிற்சியாளரின் பதில்கள்

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். பிசியோதெரபி படித்தவள். சில வருடம் மருத்துவமனை, அப்புறம் ஐந்து வருடம் கோவையில் ஒரு ஜிம்மில் பெண்கள் பேட்ச். இப்போது வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு வீடியோ காலில் சொல்லித் தருகிறேன். இரண்டு கரையிலும் நின்றவள் என்பதால் பதில் சொல்ல ஒப்புக்கொண்டேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கல்லூரி ஆசிரியை, திருச்சி: மேடம், ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு ஜிம்முக்குப் பதினொரு நாள்தான் போனேன். இப்போது எட்டு மாதமாக வீட்டிலேயே வாரம் நான்கு நாள் செய்கிறேன். "போகச் சோம்பல், அதற்கு ஒரு சாக்கு" என்கிறார் கணவர். உண்மையா?

எட்டு மாதம் விடாமல் செய்கிறவருக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தால், உண்மையான சோம்பேறிகள் கோபித்துக்கொள்வார்கள்.

என் பேட்சிலிருந்து யாராவது நின்றுவிட்டால் நானே போன் போட்டுக் கேட்பேன். "உடற்பயிற்சி பிடிக்கவில்லை" என்று சொன்னவர்கள் அபூர்வம். ஒருவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து பால் காய்ச்சி, குக்கர் வைத்து, பிள்ளைகளின் யூனிபார்மை எடுத்து வைத்துவிட்டு ஆறு மணி பேட்சுக்கு வருவார். ஏழேகாலுக்கு வீடு. "பயிற்சி கஷ்டமே இல்லை மேடம். முடிதான் கஷ்டம்" என்றார். இடுப்பு வரை முடி. வேர்வையில் நனைந்த தலைக்குத் தினமும் குளிக்க முடியாது, குளிக்காமலும் முடியாது. ஈரத்தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு டிபன் கட்டி, அதே ஈரத்தோடு பஸ் ஏறினால் சாயங்காலம் தலைவலி. மூன்று மாதம் பார்த்தார், நின்றுவிட்டார்.

உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஜிம்மில் செய்வது 45 நிமிடம். உடை மாற்ற, வண்டி எடுக்க, டிராஃபிக்கில் நிற்க, மெஷின் காலியாகக் காத்திருக்க, திரும்பி வந்து குளிக்க என்று அது இரண்டு மணி நேரமாகிவிடும். திரும்பி வந்ததும் சூடாக டிபன் காத்திருக்கும் ஆளுக்கு அந்த இரண்டு மணி நேரம் பெரிதாகத் தெரியாது. அந்த டிபனைச் செய்ய வேண்டிய ஆளுக்குத் தெரியும்.

சாஃப்ட்வேர் பணி, 26 வயது, சென்னை: அக்கா, ஜிம்மில் என்னிடம் யாரும் தப்பாக நடந்ததில்லை. ஆனால் ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யும்போது பின்னால் இருப்பவர்கள் பார்ப்பது கண்ணாடியில் தெரிகிறது. தோழிகள் "நீ ஓவராக யோசிக்கிறாய்" என்கிறார்கள்.

ஓவராக யோசிக்கவில்லை. கண்ணாடி இருப்பது உங்கள் முதுகு நேராக இருக்கிறதா என்று நீங்கள் பார்ப்பதற்கு. அதில் நீங்கள் மற்றவர் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் பயிற்சி பாழ்.

பெரும்பாலான ஜிம்களில் டம்பெல் அடுக்கு எங்கே இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கடைக்கோடி மூலையில், ஆண்கள் கூட்டமாக நிற்கும் இடத்தில். டிரெட்மில் வாசல் பக்கம். பெண்கள் டிரெட்மில்லோடு நின்றுவிடுவதற்கு இந்த இட அமைப்பும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். நஷ்டம் சின்னதில்லை. எலும்பின் வலு ஏறக்குறைய முப்பது வயதுக்குள் உச்சம் தொட்டுவிடும். பிறகு மெல்லக் குறைந்து, மாதவிடாய் நின்றபின் வேகமாகக் குறையும். எடை தூக்குவது அதைத் தாங்கிப் பிடிக்கும் வழிகளில் ஒன்று. நீங்கள் போக வேண்டிய இடமே அந்த மூலைதான்.

இன்னும் இரண்டு விஷயங்களையும் பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, கேட்காமல் இடுப்பைப் பிடித்து "இப்படி நில்லுங்க" என்று திருத்தும் பயிற்சியாளர். வாயால் சொன்னாலே திருத்த முடியும், நான் வீடியோ காலில் தினமும் அதைத்தான் செய்கிறேன். இன்னொன்று, யாரோ ரீல்ஸ் எடுப்பார்கள், பின்னணியில் நம் முதுகு இருக்கும்.

ஜிம் பிடித்திருக்கிறது, இது மட்டும்தான் தடை என்றால் பெண்கள் மட்டும் வரும் ஜிம் தேடுங்கள். வீடு போதும் என்று தோன்றினால் வீடு போதும். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஜிம் உரிமையாளர், சேலம்: பகல் 11 முதல் 1 வரை பெண்கள் பேட்ச் வைத்தும் ஆள் வரவில்லை. பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

சார், அது உங்கள் ஜிம் காலியாகக் கிடக்கும் நேரம். வேலைக்குப் போகிறவர் அப்போது ஆபீஸில் இருப்பார், வீட்டில் இருப்பவர் மதியச் சமையலில் இருப்பார். கூட்டம் வரும் காலை ஆறு மணியை வாரம் மூன்று நாள் அவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் உங்கள் பெண்கள் கழிவறைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, பை மாட்ட ஆணி இருக்கிறதா, நாப்கின் போட மூடியுள்ள கூடை இருக்கிறதா? நான் வேலை பார்த்த இடத்தில் தாழ்ப்பாள் மாற்றச் சொல்லி நான்கு மாதம் நச்சரித்தேன். புது மெஷின் மட்டும் மூன்று வந்தது.

இல்லத்தரசி, மதுரை: வீட்டு வேலை செய்வதே உடற்பயிற்சிதானே? தனியாக எதற்கு?

பாதி சரி. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொன்ன அளவு: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும். பேச முடியும், பாட முடியாது, அதுதான் மிதமான உழைப்பு. கைகால் வீசி வீடு துடைப்பது முதல் கணக்கில் வரும். அடுப்படியில் மூன்று மணி நேரம் நிற்பது வராது, அதில் கால் வலிதான் மிச்சம். இரண்டாவது கணக்குக்கு வீட்டு வேலை போதாது. பத்து வருடமாக அதே குடத்தைத் தூக்கினால் உடம்பு அந்தக் குடத்துக்குப் பழகிவிடும், அதற்கு மேல் ஏறாது.

எம்.பி.ஏ. மாணவி, ஈரோடு: மெஷின், வெயிட் எதுவும் இல்லாமல் ஹாலில் செய்தால் தசை வருமா? டம்பெல் தூக்கினால் ஆண் மாதிரி ஆகிவிடுவாய் என்று அம்மா பயப்படுகிறார்.

அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஆண்களுக்கு அப்படித் தசை ஏறக் காரணமான டெஸ்டோஸ்டிரோன் பெண்கள் உடம்பில் மிகக் குறைவு. அம்மாவே கேஸ் சிலிண்டரை உருட்டி, தூக்கி, மாட்டுகிறவராக இருப்பார். அதில் 14.2 கிலோ என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் கேஸ் மட்டும், இரும்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. அதைத் தூக்கி ஆண் மாதிரி ஆகாதவர் மகளின் ஐந்து கிலோ டம்பெல்லுக்குப் பயப்படுகிறார்!

தசைக்குத் தெரிவது பாரம்தான், அது இரும்பா அரிசியா என்று தெரியாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. பழைய ஸ்கூல் பையில் ஐந்து கிலோ அரிசிப் பையைப் போட்டு முன்பக்கம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தால் அதுவே ஸ்குவாட். 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ, கொஞ்ச நாள் பழகியபின் அதையும் முறையாகத் தூக்கலாம். இடுப்பை மடக்கி, முதுகை நேராக வைத்து, கேனை உடம்போடு ஒட்டி, மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது. 2022 இல் 25 கிலோ வரையான பைக்கு ஜிஎஸ்டி வந்ததும் கடைகளில் 26 கிலோ அரிசிச் சிப்பம் வந்ததே, அது அடுத்த வருஷத்துக்கு.

வீட்டில் செய்கிறவர்கள் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. தள்ளுகிற பயிற்சிக்குத் தரையும் சுவரும் போதும். இழுக்கிற பயிற்சிக்கு வீட்டில் எதுவும் கிடைப்பதில்லை. அதனால் மார்பும் தோளும் வலுக்கும், முதுகு பின்தங்கும். ஏற்கெனவே லேப்டாப் முன் கூன் போட்ட முதுகு. இதற்கு நம் வீட்டிலேயே ஒரு மெஷின் இருக்கிறது: ஜன்னல் கம்பி. சுவரில் பதித்த கம்பியாக இருக்க வேண்டும், மரச்சட்டத்தில் ஆணி அடித்தது வேண்டாம். பழைய பருத்தி வேட்டியை முறுக்கி, மார்பு உயரத்தில் ஒரு கம்பியைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் கையில் பிடியுங்கள். வெறுங்காலோடு சுவருக்குப் பக்கத்தில் நின்று, உடம்பைப் பலகை மாதிரி நேராக வைத்துப் பின்னால் சாயுங்கள். முழங்கையை விலாவை ஒட்டி இழுத்து மார்பை ஜன்னலிடம் கொண்டு வாருங்கள், மெதுவாகத் திரும்புங்கள். காலை எவ்வளவு சுவர் பக்கம் நகர்த்துகிறீர்களோ அவ்வளவு பாரம். பத்து முறை, இரண்டு சுற்று. முதல் நாள் வேட்டியை ஒருமுறை பலமாக இழுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். என்னிடம் வந்த ஒருவர் நைந்த வேட்டியைப் போட்டு, கிழிந்து, சோபாவில் போய் விழுந்தார். நல்லவேளை, சோபா இருந்தது.

நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடையோ எண்ணிக்கையோ ஏற வேண்டும். ஜிம்மில் அடுத்த எண் போட்ட டம்பெல் கண்ணெதிரே இருக்கும், வீட்டில் அப்படி எதுவும் இருக்காது. அதே இரண்டு பாட்டிலோடு ஒரு வருடத்தை ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

இளம் தாய், தஞ்சாவூர்: சிசேரியன் ஆகி நான்கு மாதம். வயிறு தொங்குகிறது. யூடியூபில் வரும் வயிற்றுப் பயிற்சி செய்யலாமா?

மகப்பேறு மருத்துவர் சரி என்று சொல்லிவிட்டாரா? சொல்லியிருந்தாலும் படுத்து எழும் கிரஞ்ச் உடனே வேண்டாம். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கித் தொப்புள் பக்கம் விரல் வைத்துப் பாருங்கள். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தாலோ, மேடு மாதிரி புடைத்தாலோ, வயிற்றுத் தசை இன்னும் சேரவில்லை. ஒரு பிசியோதெரபிஸ்டை நேரில் பாருங்கள். அதுவரை நடை, மூச்சை விட்டபடி அடிவயிற்றை உள்ளிழுப்பது, படுத்தபடி இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ் போதும். வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்கும் பயிற்சி எதுவும் கிடையாது, யார் என்ன தலைப்பு வைத்து வீடியோ போட்டாலும்.

பெயர் வேண்டாம் என்றவர், 41 வயது: குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது. ஜிம்மை விட்டதற்கு இதுதான் காரணம். யாரிடமும் சொன்னதில்லை.

சொன்னதற்கு நன்றி. இதே காரணத்துக்காக வீட்டுக்கு மாறியவர்கள் பலர், வெளியே "நேரம் இல்லை" என்றுதான் சொல்வார்கள். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை தளர்வதால் வருவது, பயிற்சியில் பெரும்பாலும் குறையும். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல உள்ளே இழுத்து, சில நொடி பிடித்து, முழுதாக விட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள். அதுவரை குதிக்கும் பயிற்சிக்குப் பதில் படி ஏறுங்கள். எரிச்சலோ ரத்தமோ இருந்தால், மூன்று மாதத்தில் மாற்றமே இல்லையென்றால், மருத்துவரைப் பாருங்கள்.

ஓய்வு பெற்றவர், 63 வயது, நாகர்கோவில்: முட்டி வலி. ஜிம் பையன்கள் என் பேரன் வயது, அவர்கள் முன் போக ஒரு மாதிரி இருக்கிறது. வீட்டில் என்ன செய்யலாம் மகளே?

நாற்காலி போதும் அம்மா. கையில்லாத, வழுக்காத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். முடியவில்லையென்றால் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். 30 நொடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று மாதம் ஒருமுறை எண்ணிக் குறித்து வையுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பதும் வாரம் மூன்று நாள் வேண்டும். உங்கள் வயதில் முட்டி வலியைவிட விழுவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். முட்டி வீங்கியிருந்தால் மட்டும் முதலில் டாக்டர்.

துணிக்கடை விற்பனையாளர், திருப்பூர்: பத்து நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது, படபடப்பு. ஸ்டாமினா இல்லையா?

ஹீமோகுளோபின் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 12 க்குக் கீழே இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். நெஞ்சுவலியும் சேர்ந்து வந்தால் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

அடுக்குமாடி வாசி, வேளச்சேரி: கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று சண்டைக்கு வருகிறார்.

குதிக்காதீர்கள். குதிக்காமலும் வேர்க்க வைக்கலாம்.

தனியார் வேலை, வேலூர்: மேடம், என் மனைவி வீட்டில்தான் செய்வேன் என்கிறாள், ஆனால் இரண்டு வாரத்தில் நின்றுவிடுகிறது. நான் என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

எதுவும் வாங்க வேண்டாம் தம்பி. வீட்டுப் பயிற்சியின் பெரிய எதிரி வீடுதான். போன மாதம் ஒருவருக்கு வீடியோ காலில் பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி பிடிப்பது) எண்ணிக்கொண்டிருந்தேன். இருபதாவது நொடியில் பையன் வந்து முதுகில் ஏறினான். முப்பதாவது நொடியில் "ஜியோமெட்ரி பாக்ஸ் எங்கே?" என்று இன்னொரு குரல். நாற்பதில் காலிங் பெல். கணவர் பக்கத்து அறையில்தான் இருந்தார், பேப்பர் புரளும் சத்தம் எனக்கே கேட்டது. ஜிம்முக்குப் போனால் அரை மணி நேரம் "அம்மா இல்லை" என்று வீடு ஒத்துக்கொள்ளும், ஹாலில் இருந்தால் ஒத்துக்கொள்ளாது. அந்த முப்பது நிமிடம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.

பல பேர்: அப்படியானால் ஜிம்மே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. பளு தூக்கும் போட்டிக்கு ஆசைப்படுகிறவர், வீட்டில் கைகால் நீட்ட இடமில்லாதவர், நாலு பேரோடு சேர்ந்தால்தான் வேகம் வரும் என்கிறவர் போகத்தான் வேண்டும். சிலருக்கு ஜிம்தான் நாளில் கிடைக்கும் ஒரே சொந்த நேரம். அவர்களை வீட்டுக்குள் இழுத்து வர எனக்கு விருப்பமில்லை.

கடைசிக் கேள்வி, புதுச்சேரி: எந்த மேட் வாங்கலாம்?

டைல்ஸ் தரை என்றால் 6 மில்லிமீட்டர் தடிமன் போதும், முட்டி நோகிறவர்கள் 8 வாங்குங்கள். கடையில் விரித்து, காலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், வழுக்கினால் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் ஒரு கோடைகூடத் தாங்காது.