ஒரே லெவலில் மாட்டிக்கொண்டு வெறுத்துப்போய் கேமையே பாதியில் விட்ட அனுபவம் உண்டா? அப்படி விடாமல் இருக்க என்ன செய்யலாம்?

உண்டு. கணக்குப் பார்த்தால் நான் முடித்த கேம்களைவிடப் பாதியில் விட்டவைதான் அதிகம். முதலில் மண்ணைக் கவ்வியது எங்கே என்று கேட்டால், என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் சொல்லும் அதே பதில்தான்: ஜிடிஏ வைஸ் சிட்டி என்ற, ரவுடியாக ஊரைச் சுற்றி வேலைகளை முடிக்கும் கேமில் வரும் ஹெலிகாப்டர் மிஷன் (மிஷன் என்றால் கேம் நமக்குக் கொடுக்கும் ஒரு வேலை). அதன் நிஜப் பெயர் டெமாலிஷன் மேன். ஆனால் நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை, "டேய், ஹெலிகாப்டர் முடிச்சிட்டியா?" என்றுதான் கேட்டுக்கொள்வோம்.

விளையாடாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏவரி காரிங்டன் என்று ஒரு ரியல் எஸ்டேட்காரர் வருவார். ஓரிடத்தில் நிலத்தின் விலை இறங்க வேண்டும், அதற்கு அங்கே கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம் தரைமட்டமாக வேண்டும் என்பார் (இந்த ஒரு விஷயம் மட்டும் அந்த வயதிலேயே எங்களுக்குச் சுலபமாகப் புரிந்தது). நாம் ஒரு வேனுக்குள் உட்கார்ந்து, பொம்மை ஹெலிகாப்டரை ரிமோட்டில் ஓட்டி, 4 குண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், 4 தளங்களிலும் ஒவ்வொன்று வைக்க வேண்டும். உள்ளே கட்டட வேலை செய்பவர்கள் கையில் கிடைத்ததை வைத்து ஹெலிகாப்டரை அடிப்பார்கள், காவலுக்கு நிற்பவர்கள் சுடுவார்கள், படிக்கட்டுச் சுவரில் இரண்டு முறை உரசினால் புகை கிளம்பிவிடும், இதற்கெல்லாம் சேர்த்து 7 நிமிடம்.

நான் விளையாடியது 2006 வாக்கில், ஒன்பதாம் வகுப்பு, தெருமுனையில் இருந்த ப்ரௌசிங் சென்டரில். ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். அங்கே நாலாம் நம்பர் சிஸ்டத்தில்தான் என் சேவ், அதாவது விட்ட இடத்திலிருந்து தொடரச் சேமித்து வைத்த ஆட்டம், இருந்தது. வைஸ் சிட்டியில் 8 சேவ் இடங்கள்தான் உண்டு, அந்தச் சிஸ்டத்தில் உட்காரும் பையன்களோ பத்துப் பன்னிரண்டு பேர், ஆகவே யார் சேவ் மேல் யார் சேவ் பண்ணினார்கள் என்று வாராவாரம் ஒரு பஞ்சாயத்து நடக்கும். அந்தக் கீபோர்டில் வலப்பக்கம் இருக்கும் நம்பர் பேடில் 6 அழுந்தாது. காரை ஓட்டும்வரை அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஹெலிகாப்டரைச் சாய்ப்பதும் திருப்புவதும் அந்த நம்பர் பேடில்தான் என்று தெரிந்ததே எனக்கு மூன்றாம் நாள், அதுவும் பக்கத்துச் சீட்டுப் பையன் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சொன்னதால். அதுவரை வேனுக்கு மேலேயே செங்குத்தாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

சீட் கோடு (கேமை ஏமாற்றிச் சலுகை வாங்கும் ரகசியச் சொல்) அடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அடித்தோம். சுவரில் ஒரு ஜெராக்ஸ் தாளில் அத்தனையும் ஒட்டியிருக்கும்: பான்சர் என்று அடித்தால் ராணுவ டாங்கி வந்து நிற்கும், லீவ்மீஅலோன் என்றால் போலீஸ் போய்விடும். ஊரையே கொளுத்தலாம். ஆனால் வேனுக்குள் உட்கார்ந்து பொம்மை ஓட்டுகிறவனுக்கு டாங்கி எதற்கு?

இப்படி 12 நாள் இருக்கும். ஒரு நாள் மூன்று குண்டு வைத்து, நாலாவதைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் ஏறும்போது அண்ணா கவுண்டரிலிருந்து "தம்பி, டைம் முடிஞ்சிருச்சு" என்றார். "அண்ணா, ரெண்டே நிமிஷம்ணா" என்று திரும்பிப் பார்த்த அந்த நொடியில் சுவரில் முட்டி வெடித்தது. கோபம்கூட வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன், அப்புறம் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. போனபோது சிஸ்டத்தை ஃபார்மட் அடித்திருந்தார்கள்.

பல வருடம் கழித்துக் கல்லூரி விடுதியில் ஒருவன் சாதாரணமாகச் சொன்னான்: முதல் குண்டைத் தூக்கும்வரை கடிகாரமே ஓடாதுடா, முதலில் உள்ளே போய் ஹெலிகாப்டர் இறக்கையாலேயே எல்லாரையும் தீர்த்துவிட்டு, பாதையையும் பார்த்து வைத்துவிட்டு, அப்புறம் குண்டைத் தொடணும். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வேன் கதவு மூடியதும் பதற்றத்தில் முதல் வேலையாகக் குண்டின் மேல் போய் நிற்பதையே 12 நாளும் செய்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கருத்து உண்டு, தப்பாகவும் இருக்கலாம். லெவல் கஷ்டமாக இருப்பதால் மட்டும் நாம் சலித்துப்போவதில்லை. தோற்றபிறகு மறுபடி அந்த இடத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கிறது, தோற்றது எதனால் என்று தெரிகிறதா, இந்த இரண்டும்தான் ஆளைத் தின்கிறது. வைஸ் சிட்டியில் தோற்றால் திரும்ப மிஷனை வாங்கி, வேனைத் தேடிப் போய் ஏறி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்கு நேர் எதிர் 2018-இல் வந்த செலஸ்டே, தாவித் தாவி மலையேறும் கேம். சரியான கொலைகார கேம். முழுதும் முடிப்பதற்குள் ஆயிரத்துக்கு மேல் செத்தேன், அது கணக்கு வேறு வைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் செத்த அதே திரையின் தொடக்கத்தில் கண் சிமிட்டும் நேரத்தில் நிற்க வைத்துவிடும், எங்கே கால் தவறியது என்பதும் கண்ணெதிரே இருக்கும். எரிச்சல் வர அவகாசமே இல்லை. அதில் அசிஸ்ட் மோட் என்று ஒன்றும் வைத்திருக்கிறார்கள், வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலேயே இருக்கலாம். நான் தொடவில்லை. இருக்கிறது என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

இவ்வளவு வியாக்கியானம் பேசுகிறவன் ஹாலோ நைட் (2017) கேமில் என்ன செய்தேன் தெரியுமா? வாட்சர் நைட்ஸ் என்று ஒரு பாஸ் சண்டை, அதாவது சாதாரண எதிரிகளைவிடப் பலசாலிகளோடு மோதும் பெரிய சண்டை. மரவட்டை மாதிரிச் சுருண்டு உருண்டு வந்து மோதும் பூச்சி வீரர்கள், மொத்தம் 6 பேர், ஒருவன் விழுந்தால் அடுத்தவன் எழுவான், எப்போதும் இரண்டு பேர் மேலே விழுந்துகொண்டே இருப்பார்கள். செத்தால், கேமுக்குள் ஆட்டம் சேவ் ஆகும் இடமான பெஞ்சுகளில் கடைசியாக உட்கார்ந்ததிலிருந்து கிளம்பி, வழியில் நிற்கும் காவலர்களைத் தாண்டி, மறுபடி அங்கே வர வேண்டும். செத்தபோது கையில் இருந்த காசு, அங்கே விட்டுவந்த நம் நிழல் உருவத்திடம் இருக்கும், அதை அடித்து வாங்குவதற்குள் இன்னொரு முறை செத்தால் காசும் போச்சு. லாக்டவுன் சமயம், வேலை முடித்து லேப்டாப்பை மூடாமல் அப்படியே கேமைத் திறப்பேன். ஒரு மணி, ஒன்றரை மணி, தோற்கும் ஒவ்வொரு முறையும் "கடைசியா ஒண்ணு". ஆறாவது ஆளிடம் இரண்டு முறை போய்ச் செத்தேன். ஒரு கட்டத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையே போய்விட்டது, இவ்வளவு நேரம் போட்டாச்சே என்ற கணக்கு மட்டும்தான் என்னை உட்கார வைத்திருந்தது. மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் கண் திறக்க முடியவில்லை. அன்றோடு அதை மூடினேன்.

மூடியபிறகுதான் தேடிப் படித்தேன். அந்த அறைக்குப் பக்கத்தில் உடைக்கக்கூடிய சுவர் ஒன்று இருக்கிறது, அதன் வழியாக மேலே ஏறி, தொங்கும் சரவிளக்கை அறுத்துவிட்டால் அது ஒருத்தன் தலையில் விழுந்து 6 பேர் 5 ஆகிவிடுவார்கள். மறுபடி அதே கதை. குண்டைத் தொடுவதற்கு முன் சுற்றிப் பார்க்காத அதே பையன்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். நான் இப்போது செய்வது: ஒரே இடத்தில் ஐந்தாறு முறை தோற்றால், அடுத்த தடவை ஜெயிக்கவே முயற்சி செய்வதில்லை. சும்மா சுற்றி வருவேன், சுவரைத் தட்டுவேன், எதிரி எப்போது மூச்சு வாங்குகிறான் என்று மட்டும் பார்ப்பேன், செத்தால் சாகட்டும். அதிலும் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் யூடியூபில் பார்த்துவிடுவேன், அதில் எனக்கு இப்போது மானப் பிரச்சினை ஏதும் இல்லை. "கடைசியா ஒண்ணு" என்று வாய் தானாகச் சொன்னால் அன்றைக்கு அத்தோடு சரி. மறுநாள் காலையில் போனால் கை தானாகச் செய்யும் என்பது பாதி உண்மை, மீதி நாள் செய்யாது.

வைஸ் சிட்டி 2012-இல் மொபைலுக்கு வந்தது. வாங்கி, ஒரு ரயில் பயணத்தில் அந்த மிஷன்வரை வந்து, முதலில் உள்ளே இருந்தவர்களைத் தீர்த்து, இரண்டாவது முயற்சியில் முடித்துவிட்டேன். கட்டடம் இடிந்து விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் காட்டலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த கேமில் அடுத்த மிஷனைத் தொட்டேனா என்றால், இல்லை. ஹாலோ நைட்டில் அந்தச் சரவிளக்கும் இன்னும் அப்படியேதான் தொங்குகிறது.