ஊசிக்கு அப்புறம்தான் பேச்சு நின்றதா?

கேள்வி: என் ஒரு வயது மகளுக்கு அடுத்த வாரம் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி. "அந்த ஊசிக்கு அப்புறம்தான் பெரியவன் மகன் பேச்சை நிறுத்தினான், இவளுக்கு வேண்டாம்" என்கிறார் என் மாமியார். அவர் பொய் சொல்பவர் இல்லை. எனக்கும் பயம் வந்துவிட்டது. அவருக்கு என்ன பதில் சொல்வது?

குழந்தைநல மருத்துவரின் பதில்: உங்கள் மாமியார் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஊசி போட்டதும் உண்மை, பிறகு பேச்சு நின்றதும் உண்மை. முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். "அதெல்லாம் வதந்தி அத்தை" என்று ஆரம்பித்தால் அதற்குமேல் அவர் எதையும் காதில் வாங்கமாட்டார்.

அந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவதுதான் பிழை. "அம்மா", "தா" என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அதை விட்டுவிடுவதும், கூப்பிட்டால் திரும்பாததும் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள்தான் பெரும்பாலும் நம் கண்ணில் படும். எம்.எம்.ஆர். போடுவதும் ஏறக்குறைய அதே வயதில்தான். இவை ஆட்டிசத்தின், அதாவது பேச்சும் பழகும் விதமும் வேறுபட்டு வளரும் நிலையின், அறிகுறிகளாக இருக்கலாம். ஊசியே போடாத பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் அதே வயதில்தான் தெரியவருகிறது.

இந்தப் பயத்துக்கு வித்திட்டது, ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998-ல் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மருத்துவர் பதிவேட்டிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019-ல் வெளியானது. எம்.எம்.ஆர். போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடவில்லை. உடன்பிறந்தவருக்கு ஆட்டிசம் இருந்த பிள்ளைகளிடமும் கூடவில்லை. உடன்பிறந்தவர் விஷயத்திலேயே இப்படியென்றால், பெரியப்பா மகனை வைத்து எழுந்த உங்கள் வீட்டுக் கவலைக்கும் பதில் இதுதான்.

ஊசியால் தொந்தரவே வராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போட்ட அன்று நன்றாக இருந்த பிள்ளைக்கு 7 முதல் 12 நாளுக்குள் காய்ச்சலோ மெல்லிய தடிப்போ வரலாம். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பத்தாம் நாள் வீடே கலங்கிப்போகும். அபூர்வமாக, சுமார் 3,000–4,000 ஊசிகளில் ஒன்றுக்கு, காய்ச்சலோடு வலிப்பு வரும். பார்க்கப் பதறவைக்கும், ஆனால் மூளையைப் பாதிக்காது. கடும் ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுதான். அது பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும் என்பதால்தான் ஊசி போட்டபின் 15 முதல் 30 நிமிடம் உட்காரச் சொல்கிறோம். தட்டம்மையோ பிடித்த ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேரின் உயிரை எடுத்துவிடும். மூளைக்காய்ச்சல் வந்து பிழைக்கும் பிள்ளைகள் சிலருக்குக் காது கேட்காமல் போகும்.

முந்தைய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோயோ மருந்தோ இருந்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த வாரம் மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். அவர் கேள்விகளை அவர் வாயாலேயே மருத்துவரிடம் கேட்கட்டும். அந்தப் பேரனுக்குப் பேச்சுப் பயிற்சி கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள்.