ஆணும் ஆணும் காதலிப்பது மேல்நாட்டுச் சரக்கு என்கிறார்களே, நம் இலக்கியத்தில் அதற்குச் சான்று உண்டா?

யாரோடோ வாக்குவாதம் போலிருக்கிறது. எடுத்து வீச உங்களுக்கு ஒரு பாட்டு வேண்டும். தருகிறேன். ஆனால் அந்தப் பாட்டை வைத்து நான் செய்த காரியத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். 2007 வாக்கில் ஒருநாள், பதினொன்றாம் வகுப்பில் 'புணர்ச்சி பழகுதல் வேண்டா' குறள். நட்புக்கு நேரில் கூடிப் பழகியிருக்க வேண்டியதில்லை, உணர்ச்சி ஒத்தால் போதும் என்பது பொருள். உரையாசிரியர் பரிமேலழகர் அதற்கு உதாரணம் காட்டுவது கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும். கதை தெரிந்ததுதான். பெற்ற பிள்ளைகளோடு பகை வந்து உறையூர்ச் சோழன் வடக்கிருக்கிறான், அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிகிறான். பிசிராந்தையார் பாண்டிய நாட்டுப் புலவர், அவனுக்கு நண்பர், ஆனால் அவனை நேரில் பார்த்ததே இல்லை. அவர் எங்கே வரப்போகிறார் என்று சுற்றி இருப்பவர்கள் சந்தேகப்பட, சோழனே பாடுகிறான் (புறநானூறு 216). அதில் மூன்று வரியைக் கரும்பலகையில் எழுதினேன்:

"தன்பெயர் கிளக்கும் காலை என்பெயர்
பேதைச் சோழன் என்னும் சிறந்த
காதற் கிழமையும் உடையன்"

யாராவது பெயர் கேட்டால் தன் பெயரைச் சொல்லாமல், 'என் பெயர் சோழன்' என்பாராம் அந்த மனிதர். இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அதிகம் பேசாதவன். "ஐயா, காதல்னுதானே போட்டிருக்கு?"

வகுப்பே சிரித்தது. நானும் லேசாகச் சிரித்துத் தொலைத்தேன். "அந்தக் காலத்துல காதல்னா அன்புதான்பா. இது நட்பு. உட்காரு."

சொன்னது தப்பில்லை. சங்கப் பாட்டில் பெற்ற பிள்ளைமேல் வைத்த பாசத்துக்கும் காதல் என்ற சொல் வரும். அதனால் 'கோப்பெருஞ்சோழனை என்ன சொல்லிவிட்டாய்' என்று தயவுசெய்து யாரும் சண்டைக்கு வராதீர்கள். அவர்களுக்குள் இருந்தது இன்னது என்று முத்திரை குத்த நான் யார்? ஆனால் ஒரு ஆண் இன்னொரு ஆணிடம் வைத்ததைச் 'சிறந்த காதற் கிழமை' என்று சொல்லச் சோழனுக்குக் கூச்சமில்லை. கூச்சப்பட்டது முப்பது வருஷம் புறநானூறு படித்த நான்.

அன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகப் பேசியிருக்கலாம். கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்றுவிட்டார். இதைச் சொல்லியே ஆகவேண்டும்: தேர்வு நெருங்கினால் எந்தப் பள்ளியிலும் முதலில் பறிபோவது தமிழ் பீரியடுதான். "ஐயா, உங்க சப்ஜெக்ட்ல எல்லாரும் பாஸாயிடுவாங்க, ஒரு பீரியட் குடுங்க" என்பார்கள். ஒரு வருஷமாவது ஒரு தமிழாசிரியர் கணக்கு பீரியடைக் கேட்டு வாங்கினார் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சரி, விடுங்கள்.

அன்றிலிருந்து பையன்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் 'பேதைச் சோழன்'. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அதுதான் பெயர். வராண்டாவில் அது என் காதில் விழுந்தபோதெல்லாம் கண்டிக்காமல் கடந்து போனேன். பிள்ளைகள் வாயில் சங்கத்தமிழ் வருகிறதே என்று ஒருமுறை உள்ளூரச் சந்தோஷப்பட்டதும் உண்டு. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

இனி உங்கள் வாக்குவாதத்துக்கு வருவோம். இறக்குமதி என்றால் இறக்குமதியானது தண்டனைச் சட்டம்தான். ஆணும் ஆணும் கூடுவதைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு 1860-இல் வெள்ளைக்காரன் எழுதியது. ஆயுள் தண்டனைவரை போனது. வயதுவந்த, மனமொத்த இருவர் விஷயத்தில் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 செப்டம்பர் 6 வரை ஆனது. அதற்காக நம் முன்னோர் எல்லாம் சாமரம் வீசினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. மனுஸ்மிருதியைப் பாருங்கள். ஆணோடு கூடிய இருபிறப்பாளன் (பூணூல் போடும் மேல்வருணத்தான்) உடுத்த துணியோடு குளித்தால் போதும். கன்னிப்பெண்ணைக் கெடுத்தவள் ஒரு பெண் என்றால் மொட்டை, இல்லாவிட்டால் இரண்டு விரல் போகும், அப்புறம் கழுதைமேல் ஊர்வலம். இது வெள்ளைக்காரன் வருவதற்கு எவ்வளவோ முந்தியது. இல்லாத ஒன்றுக்கு எவனும் தண்டனை எழுதிவைக்க மாட்டான். அந்தப் பக்கம் வங்காளத்தில் கிருத்திவாசர் ராமாயணத்தில் பகீரதன் பிறப்பதே இரண்டு விதவைகள் கூடியதால். பாபர் தன் சுயசரிதையில், கடைத்தெருப் பையன் ஒருவன்மேல் மனசு போய், எதிரில் அவனைக் கண்டால் முகத்தைப் பார்க்க முடியாமல் கூசியதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இவ்வளவு போதும் உங்களுக்கு.

அந்தப் பையனை அப்புறம் பார்த்தது 2019-இல், என் மகள் கல்யாணத்தில். பந்தி விசாரித்துக்கொண்டே வந்தேன். ஓரமாக உட்கார்ந்திருந்தான், முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. பக்கத்து இலையில் உட்காரப் போனவரிடம் இலைமேல் கையை வைத்து, "ஆள் வருதுங்க" என்றான். சாம்பார் வந்து போயிற்று. கை எடுக்கவில்லை. அவர் முனகிக்கொண்டே வேறு இடம் தேடிப் போனார்.

சோழன் பாட்டுக்குக் கடைசி வரி ஒன்று உண்டு, அன்று கரும்பலகையில் நான் எழுதாதது: "இன்னே வருகுவன் ஒழிக்க அவற்கு இடமே." இப்போதே வந்துவிடுவான், அவனுக்கு இடம் விட்டு வையுங்கள்.

ரசத்துக்குத்தான் வந்தார், கையில் ஹெல்மெட்டோடு, வேர்த்து விறுவிறுத்து. "என் நண்பர், ஐயா" என்றான். நான் சொல்லிக்கொடுத்த அதே சொல். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அந்த இலைக்கு மட்டும் இனிப்பிலிருந்து வைக்கச் சொன்னேன்.